ஒரு கூற்றைத் தரவுகளைக் கொண்டு சோதிப்பதே கருதுகோள் சோதனை. அதில், உண்மையான கூற்றைத் தவறாக நிராகரிக்க நாம் அனுமதிக்கும் வாய்ப்பாகிய ஆல்ஃபாவை மிகச் சிறிதாக வைத்தால் தவறே நேராதா?

நேரும், ஒரு வகைத் தவறு குறைய, மற்றொரு வகை கூடும்.

தண்டையார்பேட்டை வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை எடுத்துக்கொள்வோம் (எங்கள் பக்கம் அளவைப் பற்றிச் சந்தேகப்படாத வீடு குறைவு). சராசரி அளவு 20 லிட்டர்தான் என்பது இன்மைக் கருதுகோள், அதாவது சோதனைக்காக முதலில் சரியென வைத்துக்கொள்ளும் கூற்று. அதற்கும் குறைவு என்பது மாற்றுக் கருதுகோள். ஒழுங்காக நிரப்புபவர் மீது பழி போடுவது முதல் வகைப் பிழை, குறைத்து நிரப்புபவரைத் தப்பவிடுவது இரண்டாம் வகைப் பிழை.

கேனுக்குக் கேன் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 200 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டு, 25 கேன்களை அளந்து, முதல் வகைப் பிழைக்கான வாய்ப்பாகிய ஆல்ஃபாவை 5 சதவீதமாகக் கொண்டால், அளந்தவற்றின் சராசரி ஏறத்தாழ 66 மில்லிலிட்டருக்கு மேல் குறையும்போது மட்டுமே இன்மைக் கருதுகோளை நிராகரிப்போம். ஆகவே, உண்மையில் சராசரியாக 50 மில்லிலிட்டர் குறைப்பவர் தப்புவதற்கு ஏறக்குறைய 65 சதவீத வாய்ப்பு உண்டு. ஆல்ஃபாவை 1 சதவீதமாக்கினால் அந்த வாய்ப்பு 86 சதவீதமாக உயர்கிறது. ஆல்ஃபாவை 5 சதவீதத்திலேயே நிறுத்தி 100 கேன்களை அளந்தால் 20 சதவீதமாகச் சுருங்குகிறது. இரண்டையும் ஒருசேரக் கட்டுப்படுத்த, கூடுதலாக அளப்பதே நேர்வழி.

முதல் வகைப் பிழைக்கு வரம்பு விதித்துவிட்டு இரண்டாம் வகையை இயன்றவரை குறைக்கும் முறையை 1933-இல் புள்ளியியலாளர்கள் ஜெர்சி நெய்மனும் எகான் பியர்சனும் வகுத்தனர். நிராகரிக்கவில்லை என்றால் அளவு சரி என்று நிறுவப்பட்டதாகப் பொருளில்லை. மாணவர்கள் பெரும்பாலும் இங்குதான் சறுக்குகிறார்கள்.