ஐகான்தானே போனது? டெஸ்க்டாப் கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் காணாமல் போன ஐகான் பற்றிய கேள்விகள். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன். கேள்வி அனுப்புகிறவர்கள் விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்பதையாவது எழுதுங்கள். "கம்ப்யூட்டரில் வர மாட்டேங்குது" என்ற ஒற்றை வரிக்குப் பதில் சொல்ல ஜோசியம்தான் படித்திருக்க வேண்டும்.

கே: நேற்றிரவு வரை இருந்த ஐகான்கள் எல்லாமே போய்விட்டன. வால்பேப்பரும் டாஸ்க்பாரும் மட்டும் இருக்கின்றன.

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக், 'வியூ', அதில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்'. டிக் போய்விட்டிருக்கும், திரும்பப் போடுங்கள்.

கே: 'திஸ் பிசி', ரீசைக்கிள் பின் இரண்டு மட்டும் இல்லை.

அவை ஷார்ட்கட்டே (வேறிடத்தில் உள்ள புரோகிராமுக்கு வழிகாட்டும் ஐகான்) அல்ல, விண்டோஸின் சொந்தச் சரக்கு. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், தீம்ஸ், 'டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்'. வேண்டியதை டிக் செய்து அப்ளை கொடுங்கள்.

கே: கணக்கு எழுதும் புரோகிராமின் ஐகானைத் தவறுதலாக டெலிட் செய்துவிட்டேன். ஐந்து வருடக் கணக்கும் போய்விட்டதா?

ஐகானின் இடது கீழ் மூலையில் சின்னதாக வளைந்த அம்புக்குறி இருந்ததா? இருந்தால் அது ஷார்ட்கட். புரோகிராம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை எழுதி வைத்த, ஒன்றிரண்டு கேபி அளவுள்ள எல்என்கே ஃபைல், அவ்வளவுதான். புரோகிராமும் கணக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். அம்புக்குறி இல்லையென்றால் நீங்கள் அழித்தது நிஜ ஃபைல். அப்படியானால் வேறு எதையும் தொடாமல் நேராக ரீசைக்கிள் பின்னுக்குப் போய் 'ரீஸ்டோர்' கொடுங்கள்.

ஷார்ட்கட்டுக்கும் அதே ரீஸ்டோர்தான். ரீசைக்கிள் பின்னையே காலி செய்துவிட்டீர்களா? ஸ்டார்ட்டில் புரோகிராம் பெயரை டைப் செய்து, வந்ததன் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். திறக்கிற ஃபோல்டரில் ஸ்டார்ட் மெனுவின் ஷார்ட்கட் இருக்கும். அதைக் காப்பி செய்து டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்தால் போதும். கட் செய்யாதீர்கள், ஸ்டார்ட் மெனுவிலிருந்து போய்விடும்.

ஸ்டோரிலிருந்து வந்த ஆப்களுக்கு 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' வராது. அவற்றுக்கு விண்டோஸ் கீ + ஆர் அழுத்தி, 'ஷெல்', கோலன், 'ஆப்ஸ்ஃபோல்டர்' என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். கணினியில் உள்ள எல்லா ஆப்களும் ஒரே ஜன்னலில் வரும். வேண்டியதன் மேல் ரைட் கிளிக், 'கிரியேட் ஷார்ட்கட்'. இங்கே வைக்க முடியாது, டெஸ்க்டாப்பில் வைக்கட்டுமா என்று கேட்கும். 'யெஸ்'.

கே: புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருந்த இஎக்ஸ்இ ஃபைலையே டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏதோ டிஎல்எல் இல்லை என்கிறது.

சொல்லத்தான் செய்யும். இஎக்ஸ்இ என்பது புரோகிராமை ஓட்டும் ஃபைல். அது ஓடத் தேவையான துணை ஃபைல்களான டிஎல்எல்கள் எல்லாம் பழைய ஃபோல்டரில் கிடக்கின்றன. நகர்த்தியிருந்தால் அங்கேயே திருப்பி வையுங்கள். காப்பியென்றால் அழித்துவிடுங்கள். பிறகு வலது பட்டனை அழுத்திப் பிடித்து இழுத்து, விடும்போது 'கிரியேட் ஷார்ட்கட்ஸ் ஹியர்' தேர்ந்தெடுங்கள்.

கே: டெஸ்க்டாப்பில் இடம் அடைக்கிறதே என்று நான்கைந்து கேம் ஐகான்களை அழித்தேன். சி டிரைவில் இடம் கூடவே இல்லை.

மேலே சொன்ன ஒன்றிரண்டு கேபி கூடியிருக்கும். கேம் வேண்டாமென்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ் பகுதியில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

கே: பிரவுசர் ஐகான் காணோம் என்று தேடி, முதலில் வந்த தளத்திலிருந்து மறுபடி டவுன்லோட் செய்து போட்டேன். இப்போது மூன்று புதிய ஐகான்கள் இருக்கின்றன, ஹோம் பேஜும் மாறிவிட்டது. என்ன செய்வது?

எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் மட்டும் நிற்பதில்லை. காணாமல் போனது ஐகான், புரோகிராம் அல்ல. ஸ்டார்ட்டில் நான்கு எழுத்து டைப் செய்ய சோம்பல்பட்டு, முகம் தெரியாத தளத்தின் செட்டப் ஃபைலை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு ஓட்டியிருக்கிறீர்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் இருப்பது பல நேரம் விளம்பரம். அங்கே கிடைக்கும் இன்ஸ்டாலரில் நீங்கள் கேட்டதோடு கேட்காத நாலும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டும்போது அவற்றுக்கும் சேர்த்தே சம்மதம் கொடுத்துவிடுகிறீர்கள்.

சரி, ஆனது ஆகிவிட்டது. செட்டிங்ஸ், ஆப்ஸ் பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். அன்றைய தேதியில் நீங்கள் அறியாமல் வந்தது எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களிலும் இதே களையெடுப்பு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாத பெயர் இருந்தால் டிஸேபிள்.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரவுசர் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'டார்கெட்' கட்டத்தைப் பாருங்கள். இஎக்ஸ்இ என்று முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு வலைத்தள முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஹோம் பேஜை எத்தனை முறை மாற்றினாலும் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த முகவரியை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். டாஸ்க்பாரில் பின் செய்த ஐகானுக்குத் தனி ஷார்ட்கட் உண்டு, அதையும் பாருங்கள். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' (டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்). கணினி ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் போல எடுக்கும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேவ் செய்துவிடுங்கள்.

'பழுதான ஷார்ட்கட்டைச் சரிசெய்யும்' கிளீனர் மென்பொருள்கள் பற்றி இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம்.

கே: வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட். அலுவலகக் கணினியில் வெள்ளைத் தாள் போலச் சில ஐகான்கள் வந்தன, அழித்தேன். வீட்டுக்கு வந்தால் இங்கே நிஜ ஐகான்களைக் காணோம்!

நல்ல கேள்வி, தேவையான விவரமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் பேக்கப்பில் டெஸ்க்டாப்பும் சேர்ந்திருக்கிறது. அது இருந்தால் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் குடிபோய்விடும். இரண்டு கணினியும் ஒரே ஃபோல்டரைப் பங்குபோடும். வீட்டில் உள்ள புரோகிராமின் ஷார்ட்கட் அலுவலகத்துக்கும் போகிறது. அங்கே அந்தப் புரோகிராம் இல்லாததால் வெள்ளைத் தாளாகத் தெரிகிறது. அங்கே அழித்தால் இங்கேயும் அழியும்.

சில ஐகான்கள் மட்டும் தப்பித்திருக்குமே? எல்லா யூசர்களுக்கும் பொதுவாக இன்ஸ்டால் ஆகிற புரோகிராம்கள் ஷார்ட்கட்டைப் பெரும்பாலும் சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் ஃபோல்டருக்குள் உள்ள டெஸ்க்டாப்பில் வைக்கும். அது ஒன்டிரைவில் சேராது.

அழிந்ததை ஒன்டிரைவ் வலைத்தளத்தின் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்கலாம். தனிநபர் அக்கவுண்ட்டுக்கு 30 நாள் அவகாசம். இனி நடக்காமலிருக்க ஒன்டிரைவ் செட்டிங்ஸ், 'மேனேஜ் பேக்கப்' போய் டெஸ்க்டாப்பை மட்டும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும், வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

கே: ஐகான் இருக்கிறது, தட்டினால் ஃபைல் நகர்ந்துவிட்டது அல்லது மாறிவிட்டது என்று செய்தி வருகிறது.

எந்த புரோகிராம் என்று எழுதவில்லை. பொதுவாக இரண்டு காரணம். ஷார்ட்கட்டின் ப்ராபர்ட்டீஸில் டார்கெட்டைப் பாருங்கள். அதில் சி தவிர்த்த டிரைவ் எழுத்து இருந்தால் அந்த டிரைவ் இணைந்திருக்கிறதா, எழுத்து மாறிவிட்டதா என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். சி என்றால் ஆன்டிவைரஸ் தூக்கியிருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியின் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'யில் இருக்கும். நம்பகமான இடத்திலிருந்து வாங்கிய புரோகிராமென்றால் மட்டும் ரீஸ்டோர் கொடுங்கள். கிராக் செய்ததென்றால் ஆன்டிவைரஸ் சொல்வதைக் கேளுங்கள்.

கே: டிஃபெண்டரே ஷார்ட்கட்களை அழித்ததாகச் சொல்கிறார்களே?

உண்மை. 2023 ஜனவரி 13 அன்று வந்த ஒரு அப்டேட்டில், ஆபீஸ் மேக்ரோக்கள் (வேர்ட், எக்செல் ஃபைலுக்குள் ஓடும் குட்டி நிரல்கள்) செய்யும் சில வேலைகளைத் தடுக்கும் விதி ஒன்று தவறிப்போய் ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் ஷார்ட்கட்களையும் அழித்தது. அந்த விதியை இயக்கியிருந்த நிறுவனக் கணினிகளில்தான் பாதிப்பு. மைக்ரோசாஃப்ட் பின்னர் திருத்தமும், ஷார்ட்கட்களை மறுபடி உருவாக்கும் ஸ்கிரிப்ட்டும் வெளியிட்டது. இன்று உங்கள் ஐகான் காணாததற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

கே: பென் டிரைவில் என் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன.

இது எதிர்த்திசைப் பிரச்சினை, வைரஸ் வேலை. அவற்றைத் தட்டாதீர்கள், தட்டினால் கணினிக்கும் தொற்றும். முதலில் ஸ்கேன். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லுங்கள். நிஜ ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும், சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். உங்கள் ஃபைல்களை மட்டும் காப்பி செய்து, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

கே: இன்று காலை ஐகான் எதுவுமில்லை, டாக்குமெண்ட்ஸும் காலி. டெம்பரரி புரொஃபைல் என்று செய்தி வந்தது. புதிதாக எல்லாம் செட் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

உடனே நிறுத்துங்கள். உங்கள் சொந்த புரொஃபைலைத் திறக்க முடியாமல் விண்டோஸ் தந்த தற்காலிக புரொஃபைல் அது. அதில் சேவ் செய்வது எல்லாம் சைன் அவுட் செய்ததும் அழியும். புதிதாக ஏதாவது எழுதியிருந்தால் முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல நேரம் பழைய புரொஃபைல் தானே திரும்பும். திரும்பாவிட்டால் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் ஃபைல்கள் அதில்தான். அதை முழுவதும் வெளி டிரைவில் காப்பி எடுத்த பிறகே ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடம்) பக்கம் கை வைக்க வேண்டும், அதுவும் தெரிந்தவர் கையால்.