கேட்டால்தான் சொல்வார்கள்

கேள்வி: அக்கா, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) முடித்துவிட்டு, மனநல நெருக்கடியில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் உதவிப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேரடியாகவே கேட்கச் சொல்கிறார்கள். எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆகாது தம்பி. புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன, நான் பார்த்த வீடுகளும் சொல்கின்றன.

ஒரு விவசாயி வீடு. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, ‘பொம்பளப் புள்ளைய நெனச்சுப் பாரு’ என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் ஏற்கெனவே குற்ற உணர்வில் குறுகிக் கிடப்பவரை அது இன்னும் அழுத்தும். அவர்களைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், ‘அண்ணே, செத்துடலாம்னு தோணுதா?’ என்றேன். ‘ஆமா’ என்றார். கடன் கொடுத்தவர் தெருவில் நின்று கத்திவிட்டுப் போனதிலிருந்து தூக்கமே இல்லையாம். பேசப் பேச எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்து, பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சமையல்கட்டுப் பரணில். அவரிடம் சொல்லிவிட்டே, அவருடைய அண்ணன் வீட்டில் வைத்துப் பூட்டச் சொன்னோம். இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்குச் சில மணி நேரத்திலேயே தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் சென்னையின் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பெட்டகம் வைத்துப் பூட்டிப் பார்த்ததும் இதற்காகத்தான்.

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஆபத்து உடனடியானது என்று பட்டால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பத்தார் தயங்குகிறார்களே?
— அதே வாசகர்

பதில்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது; அதனால் அவரைத் தண்டிப்பதில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும், வந்து விசாரிப்பார்கள். அதற்குப் பயந்து ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அன்றைக்குக் கேட்டதையெல்லாம் அன்றைக்கே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்கள், தம்பி. நீங்கள் நன்றாகத் தூங்க வேண்டும்.