லேசர் டயோடின் அலைநீளம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அலைநீளம் 650 நானோமீட்டர் என்று போட்ட இரண்டு சிவப்பு லேசர் டயோடு வாங்கினேன். ஒன்று பளிச்சென்று எரிகிறது, மற்றது மங்கல். ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?

அப்படிச் சொல்ல முடியாது. முதலில் இரண்டுக்கும் ஒரே கரண்ட் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால், 650 என்பது அந்த ரகத்தின் பெயர்தான், உங்கள் டயோடை அளந்து எழுதிய எண் இல்லை. டயோடுக்கான படிகத்தை வளர்க்கும்போது கலவை துளி மாறினாலும் சில நானோமீட்டர் நகர்ந்துவிடும். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) குறைந்தபட்சம், வழக்கமானது, அதிகபட்சம் என்று மூன்று எண் போடுவது அதற்காகத்தான். சிவப்புப் பக்கம் நம் கண்ணின் உணர்திறனும் சரசரவென்று இறங்குகிறது. ஒரே பவரில் 635 தெரிவதில் பாதிதான் 650 தெரியும். 670 ஏழில் ஒரு பங்கு. அதனால் ஐந்தாறு நானோமீட்டர் வித்தியாசமே கண்ணுக்குப் பட்டுவிடும்.

காலையில் அளந்ததற்கும் மதியம் அளந்ததற்கும் 3 நானோமீட்டர் வித்தியாசம் வருகிறதே?

வெப்பம். சிவப்பு டயோடு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் நகரும். 15 டிகிரி ஏறினால் உங்கள் 3 வந்துவிட்டது. ஊதா 405, நீல 450 வகைகள் டிகிரிக்கு 0.06 அளவில்தான் நகரும். சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகத் துண்டு, அதாவது நல்ல ஹீட்சிங்க் போடுங்கள்.

450-க்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி 638-க்கும் ஆகுமா?

ஆகாது. கண் போனால் திரும்பாது.

கரண்டைக் கூட்டினால் அலைநீளம் கூடுமா, குறையுமா?

லேசர் அடிக்க ஆரம்பித்தபின் கரண்டைக் கூட்டினால் சிப் சூடாகும், சூட்டில் அலைநீளம் கூடும்.

நீங்கள் சொன்னது தவறு. நீல எல்இடியில் கரண்ட் கூட்டினால் அலைநீளம் குறைகிறது. அதே பொருள்தானே நீல லேசரும்?

எல்இடி பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்கே கரண்ட் ஏற ஏற உள்ளே எலக்ட்ரான் நெரிசல் கூடும், அது அலைநீளத்தைக் குறைக்கும். லேசரிலும், லேசர் அடிக்க ஆரம்பிக்கும் தொடக்க கரண்டுக்குக் கீழே அதுதான் நடக்கும். ஆனால் லேசர் பிடித்தபின் அந்த நெரிசல் பெரும்பாலும் அதே அளவில் நின்றுவிடும். கூடுதலாக வருவதெல்லாம் ஒளியாக வெளியே போகும். மிச்சம் நிற்பது சூடுதான். என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள்: ஒரே கரண்டை மைக்ரோவினாடித் துடிப்பாகவும் விடாமலும் கொடுத்து அளங்கள். துடிப்பில் நகர்வு மிகக் குறைவாக இருக்கும்.

445 என்று வாங்கினேன், 450 காட்டுகிறது. திருப்பி அனுப்பலாமா?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலேதான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லை. வீட்டில் அளக்க வழி?

பழைய சிடி ஒன்று போதும். அதன் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரான். அட்டையில் துளை போட்டு, ஒரு மீட்டர் தள்ளி சிடியை வையுங்கள். துளை வழியே போகும் ஒளி அதே துளைக்குத் திரும்பும்படி சிடியை நேராக்குங்கள். அட்டையில் பக்கத்துப் புள்ளி துளையிலிருந்து 44.5 சென்டிமீட்டரில் விழுந்தால் 650, 43.6-இல் விழுந்தால் 640. சிறிய பாயிண்டரில் மட்டும் செய்யுங்கள். வாட் கணக்கிலுள்ள டயோடை சிடியில் அடித்தால் திரும்பி வரும் ஒளி கண்ணுக்கு ஆபத்து.

பச்சை 532 பாயிண்டரும் இப்படி நகருமா?

இந்த அளவுக்கு நகராது. அது 1064 நானோமீட்டர் அலைநீளத்தைப் படிகத்தில் பாதியாக்கி வருவது. உள்ளே அதற்கு ஒளி ஊட்டும் 808 டயோடுதான் நகரும். அது நகர்ந்தால் பச்சை மங்கும். மலிவான பாயிண்டரில் அந்த 808-உம் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே வரும். பச்சைக்கு மட்டுமான கண்ணாடி அதைத் தடுக்காது.