கல் சிற்பம் ஆடுவது போலத் தெரிவது ஏன்?

கோவை பேரூர் கோயிலின் கனகசபை மண்டபத்தில், சிவன் காலை உயரத் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவச் சிலையைப் பார்த்தால், தூக்கிய கால் இப்போதே இறங்கிவிடும் போல இருக்கிறதே, அது கண்ணின் குறையா என்று கேட்டிருக்கீங்க. குறையே இல்லைங்க. மூளை கொஞ்சம் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மூளையில் பார்வையைக் கவனிக்கும் பார்வைப் புறணியில் எம்டி (MT) என்றொரு பகுதி உண்டு. அசைவை உணர்வதே அதன் முக்கிய வேலை. வட்டெறியும் வீரர் போன்ற அசையாத படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள் கூர்ட்ஸி, கான்விஷர் என்ற இரு ஆய்வாளர்கள் (2000). ஓய்வாக இருப்பவர் படத்தைவிட இத்தகைய படங்களுக்கு அந்த வட்டாரம் கூடுதலாகத் துடித்தது. கையும் காலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அதன் பக்கத்திலேயே உள்ள இன்னொரு பகுதி கவனிக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் உடல் அப்படியே நிலைக்காது என்பது நடக்கப் பழகிய நாளிலிருந்தே நமக்குத் தெரியும். ஆகவே அடுத்த நொடியை மூளையே நிரப்பிக்கொள்கிறது.

இதற்கு முன்பே 1983இல் ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சுவரிலிருந்து குதிக்கும் ஆள் போன்ற ஒரு படத்தைக் காட்டி, பிறகு சற்றே பிந்திய கணத்தின் படத்தைக் காட்டினால், 'இது வேறு படம்' என்று சொல்ல ஆட்கள் தடுமாறினார்கள். முந்திய கணத்தின் படத்துக்கு அவ்வளவு தடுமாற்றமில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்து ரேக்ளா பந்தயப் போட்டோவிலும் இதே கதைதான். ஆனால் மாடுகளைவிட, சாட்டையோடு முன்னால் சாய்ந்திருக்கும் வண்டிக்காரர்தான் எனக்கு ஓட்டத்தைக் காட்டுகிறார்.