சேர்வராயன் மலையூர்களில் ‘செய்வினைச் சாவு’ என்று சொல்லப்பட்டவற்றில் நஞ்சுக்கும் நோய்க்கும் எவ்வளவு பங்கு இருந்திருக்கும்?

கணிசமான பங்கு இருந்திருக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எல்லாவற்றையும் நஞ்சு என்று தள்ளிவிட முடியாது.

தமிழகத்தின் வறண்ட காடுகளில் வளரும் ஒடுவந்தழை என்ற மரத்தின் இலையை எடுத்துக்கொள்வோம். அதை உட்கொண்டவர் முதலில் ஓரளவு தெளிவாகவே இருப்பார். பின்னர் சிறுநீரக நுண்குழல்கள் பாதிக்கப்பட்டு, இரத்தத்தில் அமிலம் மிகுந்து, பொட்டாசியம் குறைந்து, சில நாள்கள் கழித்து இதயத்துடிப்பு தடுமாறி இறக்கவும் கூடும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென இறப்பதைக் கண்ட உறவினர்கள் மந்திரவாதியைச் சந்தேகித்தது வியப்பில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் நஞ்சோ முதலில் காலராவைப் போல வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். பிழைத்தவருக்கு ஓரிரு வாரங்களில் தலைமுடி கொத்தாக உதிரும். சூனியத்திற்கு இதைவிடக் கண்கூடான ‘சான்று’ வேண்டுமா?

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டின் அடிவாரத்தில் மலைக்காய்ச்சல் என்று அஞ்சப்பட்ட நோயில் பெரும்பகுதி மலேரியாவாக இருந்திருக்க வேண்டும். கொசுவின் உடலில் அதன் கிருமியை ரொனால்டு ராஸ் 1897இல்தான் கண்டார். அதுவரை முறை தவறாமல் விட்டுவிட்டு வரும் குளிர்சுரத்தை யாரோ ஏவிவிட்ட சூனியம் என நம்புவது எளிதாகவே இருந்திருக்கும்.

நோயைத் தெய்வத்தின் மேலோ சூனியத்தின் மேலோ ஏற்றுவது சரிதானா என்ற ஐயம் இலக்கியத்தில் மிகப் பழையது. நற்றிணையின் 34ஆம் பாடலில், தலைவியின் காதல் நோய் தன்னால் வந்ததல்ல என்று அறிந்தும், பூசாரியான வேலன் வேண்டியதால் வெறியாட்டுச் சடங்குக்கு வந்த முருகனைப் பார்த்து, கடவுளே ஆனாலும் நீ அறியாமை உடையவன்தான் என்று தோழி துணிந்து சொல்லிவிடுகிறாள்.