பரணில் ஓடுவது யார்?

கேள்வி: இரவில் பரணில் தடதடவென ஓட்டம், சமையலறையில் ஒரு நாற்றம். இரண்டும் ஒரே எலியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லையம்மா. பரணில் ஓடுவது வீட்டெலி. காது பெரிது, வால் உடம்பைவிட நீளம். நாற்றம் மூஞ்சூறுடையது. அது எலி இனமே இல்லை. கூர்மூக்கோடு சுவரோரம் கீச்சிட்டு ஓடி, கரப்பான் பூச்சியைத் தின்னும். தயவுசெய்து அதற்கு விஷம் வைக்காதீர்கள்.

வீட்டெலிக்குக் கட்டைவிரல் நுழையும் ஓட்டை போதும். என் வீட்டில் குழாய் வரும் ஓட்டையில் துணி திணித்தேன். இரண்டே நாளில் குதறிவிட்டது. அப்புறம் கம்பி வலையைச் சுருட்டி அடைத்து சிமெண்ட் பூசினேன், வரத்து நின்றது. ஓட்டின்மேல் சாயும் முருங்கைக் கிளை இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். எலி ஏறி வரும் பாதையே பெரும்பாலும் அதுதான்.