டிக் சத்தம் எங்கே போனது? (கேமரா கேள்வி - பதில்)

சென்ற இதழில், "சத்தமில்லாத ஷட்டரை நம்பி முக்கியமான வேலைக்குப் போகும் முன் வீட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. முப்பது வருடம் ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை விட்டு மூடும் கதவை, பிரித்து மாட்டிப் பிழைத்தவன் நான். கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மிரர்லெஸ் கேமராவின் மெனுவில் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக், எலக்ட்ரானிக் முன்திரை என்று மூன்று ஷட்டர் இருக்கிறது. எதை நிரந்தரமாக வைத்துக்கொள்வது?

பதில்: உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். மெக்கானிக்கல் ஷட்டரில், படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள். ஒவ்வொன்றும் மெல்லிய தகடுகளை விசிறிபோல அடுக்கிச் செய்தது. முதல் திரை விலகினால் வெளிச்சம் விழுகிறது. இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடுகிறது. நீங்கள் 1/4000 விநாடி என்று வைத்தாலும் திரை ஓடும் வேகம் ஒன்றேதான். சென்சாரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக அதற்கு 3, 4 மில்லி விநாடி ஆகும். இரண்டு திரைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் குறைகிறது. அதாவது, ஒரு மெல்லிய கீற்று படத்தின் மேல் ஓடிக் கடக்கிறது.

எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓடுவதற்குத் திரை இல்லை, அதனால் சத்தமும் இல்லை. சென்சார் தன் வரிசைகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து, ஒவ்வொன்றாக வாசித்து எடுக்கிறது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை வாசிக்க எத்தனை மில்லி விநாடி? இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசிக்கு விடை அந்த எண்ணில் இருக்கிறது. கேமரா டப்பாவின் மேல் நாற்பது பெருமைகளை அச்சடிக்கிறவர்கள் இதை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பிக்சல் அதிகமுள்ள, வேகம் குறைந்த சென்சார்களில் இது 60 முதல் 100 மில்லி விநாடிகூட ஆகும். வேகமாக வாசிப்பதற்கான சுற்றுகளை அடியிலேயே அடுக்கிய, விலை உயர்ந்த அடுக்குச் சென்சார்களில் 4 மில்லி விநாடிக்கு வந்துவிட்டது.

முன்திரை என்பது பாதிக்குப் பாதி. தொடங்குவதை சென்சார் செய்கிறது, முடிப்பதை மெக்கானிக்கல் திரை செய்கிறது. முதல் திரை ஓடி நிற்கும்போது ஏற்படும் சின்ன அதிர்வு, முக்கியமாக 1/60 முதல் 1/200 வரையான வேகங்களில், படத்தைக் கலங்கலாக்கும். "முக்காலியில் வைத்தும் ஷார்ப்பாக வரவில்லை, லென்ஸ் கெட்டுவிட்டது" என்று என் மேஜைக்கு வந்த லென்ஸ்களில் பல நல்ல லென்ஸ்கள். குற்றவாளி இந்த அதிர்வுதான். அன்றாடத்துக்கு முன்திரையை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் காரணம் இருக்கும்போது எடுங்கள்.

கேள்வி: வேகமாகப் போகும் ரயிலை எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/8000 விநாடி வைத்து எடுத்தேன். படம் கத்தி மாதிரி கூர்மை. ஆனால் ரயில் பெட்டியின் ஜன்னல்கள் எல்லாம் சாய்ந்து நிற்கின்றன. அவ்வளவு வேகத்தில் எப்படிச் சாயும்?

பதில்: 1/8000 என்பது ஒவ்வொரு வரிசையும் வெளிச்சம் வாங்கிய நேரம். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள நேர வித்தியாசத்தை அது சொல்வதில்லை. உங்கள் கேமரா வாசிக்க 1/15 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். 1/15 விநாடியில் அது ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மேல் வரிசை ஒரு ரயிலைப் பார்த்தது, கீழ் வரிசை ஒன்றரை மீட்டர் தள்ளிப்போன ரயிலைப் பார்த்தது. சாயாமல் என்ன செய்யும்? அதே ரயில் 1/250 விநாடியில் வாசிக்கும் கேமராவில் 10 சென்டிமீட்டர்தான் தள்ளியிருக்கும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு இந்தப் பாவம் தெரியாது என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்ரி லார்த்திக் 1910-களில் எடுத்த பந்தயக் கார் படம் உலகப் புகழ்பெற்றது. காரின் சக்கரம் முட்டைபோல் முன்னால் சாய்ந்திருக்கும். பின்னால் நிற்கும் ஜனங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவர் காரோடு சேர்த்து கேமராவைத் திருப்பினார், அந்தக் காலத் திரையோ மெதுவாகத்தான் ஓடியது. அதனால் கார் ஒரு பக்கமும் உலகம் மறுபக்கமும் சாய்ந்துவிட்டன. வேகத்துக்கே அடையாளம் என்று அதைக் கொண்டாடினார்கள். உங்கள் ரயிலையும் வேண்டுமானால் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மண்டபத்துக்குள் சத்தமில்லா முறையில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். பழுதா?

பதில்: பழுதில்லை. இந்தப் பட்டையில் நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு நாட்டிய நிகழ்ச்சி. கச்சேரி நடுவில் 'டிக் டிக்' என்று அடிக்க வேண்டாமே என்று, இரவல் வாங்கிய கேமராவில் சத்தத்தை நிறுத்திவிட்டேன். கேமராவின் குட்டித் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், ஆடியவரின் முகத்தில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை, பாதத்தில் ஒரு பட்டை. முந்நூற்றுச் சொச்சம் படத்தில் தேறியது பதினொன்று. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

காரணம் இதுதான். மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடும் இடங்களில், மலிவான எல்.இ.டி.யும் சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 60 சுற்று ஓடும் நாடுகளில் 120 முறை. நம் கண் இதைப் பார்க்காது. வரிசை வரிசையாக வாசிக்கும் சென்சார் பார்த்துவிடும். பிரகாசத்தில் வாசித்த வரிசை வெளிச்சமாகவும், மங்கலில் வாசித்த வரிசை இருட்டாகவும் வரும்.

தீர்வு எளிது: 50 சுற்று இடத்தில் 1/100 அல்லது 1/50 விநாடி வையுங்கள், 60 சுற்று இடத்தில் 1/120 அல்லது 1/60. அப்போது ஒவ்வொரு வரிசையும் முழுத் துடிப்பையும் வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். அவ்வளவு மெதுவான வேகத்தில் ஆட்டத்தை எடுக்க முடியாது என்பது உண்மைதான். அங்கே மெக்கானிக்கலுக்குப் போய்விடுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் ராட்சத எல்.இ.டி. திரைகள் இன்னும் பல மடங்கு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்காகவே சில உயர்ரகக் கேமராக்களில் ஷட்டர் வேகத்தைப் பொடிப்பொடியாகத் திருகி, பட்டை மறையும் இடத்தில் நிறுத்தும் வசதி வைத்திருக்கிறார்கள்.

இதே தொல்லையை வைத்து நான் மேலே சொன்ன ரகசிய எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். துடிக்கிற ஒரு டியூப்லைட்டின் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைச் சுவரை எலக்ட்ரானிக் ஷட்டரில், 1/2000 விநாடி வைத்து எடுங்கள். கேமராவைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், செங்குத்தாகத் திருப்பாதீர்கள். இருட்டுப் பட்டைகளை மேலிருந்து கீழாக எண்ணுங்கள். 7 பட்டை வந்தால், நூறால் வகுத்தால் 0.07, உங்கள் கேமரா வாசிக்க சுமார் 70 மில்லி விநாடி எடுக்கிறது. இரண்டு பட்டை என்றால் 20. முழுசாக ஒரு பட்டைகூட வராமல், ஒரு பக்கம் லேசாக மங்கினாற்போல் மட்டும் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

கேள்வி: எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றினால் ஃப்ளாஷ் அடிக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஃப்ளாஷ் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக எரிந்து அணையும் பொருள். அது எரியும் கணத்தில் எல்லா வரிசைகளும் ஒருசேர விழித்திருக்க வேண்டும். வாசிக்க 1/15 விநாடி ஆகும் கேமராவில் அது 1/15-ஐவிட மெதுவான வேகத்தில்தான் நடக்கும். அதனால் பல கேமராக்கள் ஃப்ளாஷையே பூட்டிவிடுகின்றன. 2019-இல் வந்த சிக்மாவின் எஃப்பி கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. அதில் ஃப்ளாஷ் 1/30 வரைதான் ஒத்துப்போகும். சோனியின் ஆல்ஃபா 1, 2021-இல் வந்தது, எலக்ட்ரானிக்கிலும் 1/200 வரை தரும்; ஆனால் அதன் மெக்கானிக்கல் ஷட்டர் 1/400 வரை போகும். ஃப்ளாஷ்தான் உங்கள் பிழைப்பு என்றால் திரையை இப்போதைக்குக் கைவிட வேண்டாம்.

லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் வைத்த ஹாசெல்பிளாட் மாதிரிக் கேமராக்கள் தனிச் சாதி. பூ இதழ்போல் விரிந்து மூடும் அந்த ஷட்டரில் எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் அடிக்கலாம். பிரித்து மாட்டுகிறவனுக்கு மட்டும் அது நரகம்.

கேள்வி: 1.4 வரை அகலத் திறக்கும் லென்ஸை முழுக்கத் திறந்து வெயிலில் எடுத்தால் பின்னணி விளக்குகளின் வட்டங்கள் பாதி வெட்டுப்பட்டு வருகின்றன. லென்ஸ் குறையா?

பதில்: நான் மேலே புகழ்ந்த முன்திரைதான் காரணம். எலக்ட்ரானிக் தொடக்கம் சென்சாரின் மேலேயே நடக்கிறது. மூடும் தகடு அதற்குச் சற்று முன்னால் நிற்கிறது. இரண்டும் ஒரே தளத்தில் இல்லாததால், அகலத் திறந்த லென்ஸும் 1/2000-க்கு மேற்பட்ட வேகமும் சேர்ந்தால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும். முழு மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: ஷட்டரே இல்லாத கேமராவுக்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: நிகான் இசட்9 வாங்கியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. 2021 கடைசியில் அது வந்தபோது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். என் தொழிலுக்கே பூட்டுப் போட்ட கேமரா. ஆனால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதன் 4.57 கோடி பிக்சலையும் வாசிக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 270-இல் ஒரு பங்கு. தகடு ஓடுவதும் அவ்வளவு வேகத்தில்தான். திரை செய்த வேலையை சென்சாரே அதே வேகத்தில் செய்யும்போது திரை எதற்கு? அதில் ஃப்ளாஷும் 1/250 வரை ஒத்துப்போகிறது. அணைத்தால் சென்சாரை மூடும் ஒரு தகடு உண்டு, அது தூசிக்கு மட்டும். வீட்டில் இப்படிச் சொல்லுங்கள்: ஷட்டருக்குக் கொடுத்த காசை சென்சாருக்குக் கொடுத்தோம்.

அதற்கும் அடுத்த படி குளோபல் ஷட்டர். 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஆல்ஃபா 9-இன் மூன்றாவது மாடலில் எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிக்கின்றன. வாசிக்கும் வரை ஒவ்வொரு பிக்சலும் தன் சரக்கைப் பக்கத்து அறையில் பூட்டி வைத்துக்கொள்ளும். சாய்வும் இல்லை, ஃப்ளாஷுக்கு வேகத் தடையும் இல்லை, 1/80,000 விநாடி வரை போகலாம். இலவசமாக அல்ல: அந்த அறை பிக்சலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வெளிச்சம் சேர்க்கும் கொள்ளளவு குறைகிறது. மற்றவர்கள் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100-இல் தொடங்க, இது 250-இல் தொடங்குகிறது. விளையாட்டு எடுக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நிலக்காட்சி எடுக்கிறவர் பக்கத்தில் போகவேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் நிழல் பகுதிகளைப் பிறகு கம்ப்யூட்டரில் பிரகாசமாக்கும்போது படம் அழுக்காகத் தெரிகிறது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. சில கேமராக்கள் வேகமாக வாசிப்பதற்காக 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கிவிடும். வெளிச்சத்தை அளக்க 16,384 படிகள் இருந்த இடத்தில் 4,096. கையேட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள்.

கேள்வி: பழைய கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. ஷட்டர் 1,60,000 முறை அடித்திருக்கிறது. ஆயுள் 2 லட்சம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 2 லட்சம், 4 லட்சம், 5 லட்சம் என்று போடுவதெல்லாம் தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த எண். அன்றைக்குச் செத்துவிடும் என்று எழுதிக் கொடுத்ததில்லை. என் மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய உடைந்த தகடுகள் கிடக்கின்றன. அதில் ஒன்று நாற்பதாயிரத்தைக்கூடத் தாண்டாத கேமராவிலிருந்து வந்தது. கடற்கரையில் லென்ஸ் மாற்றியபோது உள்ளே போன ஒரு மணல் துகள் தகட்டைக் கிழித்துவிட்டது. இன்னொரு கேமரா ஐந்தரை லட்சம் தாண்டியும் என்னிடம் சுத்தம் செய்யத்தான் வந்தது.

எண்ணைவிடத் தகட்டைப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, அணைத்தால் திரையை மூடும் வசதி இருந்தால் மூடி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நெளிவோ எண்ணெய்ப் பளபளப்போ தெரிந்தால் வேண்டாம். அப்புறம் வானத்தை 1/8000-இல் பத்துப் படம் எடுங்கள். ஒரு ஓரம் இருண்டு வந்தால் திரைகள் ஒன்றுக்கொன்று ஓட்டம் தப்புகின்றன என்று அர்த்தம். விரலால் மட்டும் தொட்டுவிடாதீர்கள். அந்தத் தகட்டுக்கு விரல் நுனியே கடப்பாரை.

கேள்வி: எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படம் எடுத்த மாதிரியே இல்லை. எதிரில் நிற்கிறவர்களும் "எடுத்தாச்சா, எடுத்தாச்சா" என்கிறார்கள்.

பதில்: மெனுவில் ஷட்டர் ஓசை என்று ஒன்று இருக்கும். ஸ்பீக்கர் வழியாகப் பொய்யாக 'டிக்' என்று சொல்லும். எனக்குப் பிடிக்காது, ஆனால் மனிதர்களைப் படம் எடுக்கும்போது நானும் போட்டுக்கொள்கிறேன். குரூப் போட்டோவில் அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.